ரெஜினாவின் மேசைக்கு அளவு எடுக்கும் முன்

அமலா,

மகனே, நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக உன் ஆசாரியிடம் போ. "ரெண்டு நாள் பொறுங்க, ரம்பத்தைக் கீழ வையுங்க" என்று சொல்லிவிட்டு வா. அப்புறம் ஒரு காபியைக் குடித்துவிட்டு உட்கார்ந்து மீதியைப் படி. தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீஸ் வாசல்வரை போய்விட்டேன். "மேசையை நிறுத்து, அப்பா" என்று தந்தி வந்தால் நீ கல்யாணமே நின்றுவிட்டது என்று பதறிப்போய் அடுத்த ரயிலில் வந்து நிற்பாயே என்று திரும்பிவிட்டேன். கல்யாணம் நிற்கவில்லை, பயப்படாதே. இன்று காலைப் பூசையில்தான் உங்கள் கல்யாண அறிவிப்பை, இரண்டாவது ஓலையை, வாசித்தார்கள். இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி. "இந்தத் திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று அவர் வாசித்தபோது எனக்கு உன் மேசைதான் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து நின்று சொல்லியிருப்பேன், உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

உன் கடிதமும் கிராஃப் தாளில் போட்ட மேசைப் படமும் வியாழக்கிழமை வந்தன. கல்யாணம் முடிந்ததும் ரெஜினா ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கப்போகிறாள், அவளுக்காக ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று படித்ததும் எனக்கு ஒரே பெருமை. நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். படத்தைப் பார்த்தேன். தேக்கு. முப்பத்தொரு இஞ்ச் உயரம். வலதுபக்கம் மூன்று டிராயர். முன் ஹாலில், ஜன்னலுக்கு நேர் எதிரே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடம். உச்சியில் மாதா சுரூபம் வைக்க அழகாக ஒரு வளைவு வேறு. அடியில் உன் கையெழுத்தில், "ரெஜிகிட்ட மூச்சு விட்டுடாதீங்கப்பா. வீட்டுக்குள்ள வந்ததும் பாத்து அசந்து போகணும்" என்று எழுதியிருந்தாய். முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. ஏனென்றால் இதே மேசையை, இதே முப்பத்தொரு இஞ்ச்சில், இதே மாதிரி மூச்சு விடாமல் நான் ஒருமுறை செய்திருக்கிறேன். அது உன் அம்மாவின் வலதுகையைக் கிட்டத்தட்ட வாங்கிவிட்டது. அந்தக் கதையை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. சொன்னால் என் மானம் போகும். பரவாயில்லை, அந்தப் பெண்ணின் கையை விட என் மானம் பெரிதில்லை.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்த சமயம். உன் அம்மா கல்யாணத்துக்கு முன்பே இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். பழைய மிஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு காலேஜ் வாத்தியார்களுக்கு தீசிஸ் அடித்துக்கொடுத்தாள். என்னைக் கேட்டால் திருச்சியில் பாதிப் பேருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அவர்களுடைய இங்கிலீஷில் பிழை இருந்தால் பென்சிலால் சுழித்து வைப்பாள், "சார், இங்க ஒரு எஸ் வரணுமில்ல?" என்று மெதுவாகக் கேட்பாள். பெரிய பெரிய ஆட்கள் வாசலில் நின்று "மேடம் இருக்காங்களா?" என்று விசாரிப்பார்கள். என்னைத் தேடி அந்த வீட்டுக்கு ஒரு ஆளும் வந்து 'சார்' என்று கூப்பிட்டதில்லை, அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல், மேலுக்கு நிறையப் பெருமை. மிஷினை எங்கே வைத்து அடித்தாள் தெரியுமா? டிரங்குப் பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல். ஒரு நாள் ஒரு புரொபசர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "ஓ, பெட்டி மேலதான் அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர் சும்மாதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"ஒர்க் ஷாப்புல எவ்வளவு பெரிய இஞ்சினையும் பிரிச்சு மாட்டுறவன் நான். என் பொண்டாட்டி பெட்டி மேல வெச்சு டைப் அடிக்கிறா. ஊரு சிரிக்குது" என்றேன். "ஊருக்கு வேற வேலை இல்லையா? இதுவே நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். அவள் சொன்னது நிஜம். நான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பெண்டாட்டி 'நல்லா இருக்கு' என்றால் அதைத் தன்னடக்கம் என்றும், 'பரவாயில்லை' என்றால் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்கிற புத்திசாலி நான்.

மரக்கடைக்குப் போய் நானே பார்த்துத் தேக்கு எடுத்து வந்தேன். இரண்டு மாதம், ஷிப்ட் முடிந்து வந்து பின்கட்டில் சாக்கைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு செய்தேன். நான் நூல் கணக்கில் வேலை செய்கிறவன், ஒரு இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்குதான் நூல், அதில் பாதி பிசகினாலும் எங்கள் சார்ஜ்மேன் வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட நான் அளவு எடுத்த லட்சணத்தைக் கேள். நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்தேன். கையை மடக்கினேன். என் முழங்கைக்கு எது சௌகரியமோ அதை அளந்தேன். முப்பத்தொன்று. நான் ஆறடிக்கு ஒரு இஞ்ச் குறைவு. உன் அம்மா என் தோளுக்குக் கீழே. அவள் உயரத்தை அளக்கவில்லை, அளந்தால் ரகசியம் தெரிந்துவிடுமே! அதோடு அந்த முப்பத்தொன்றின் மேல் மிஷின் ஒரு ஐந்து இஞ்ச் ஏறும் என்பதும் புத்தியில் உறைக்கவில்லை.

பாலிஷ் காய்ந்ததும் இழுத்துக்கொண்டு வந்து உள்ளே போட்டேன். டிரங்குப் பெட்டிகளைப் பரணில் ஏற்றினேன். "எப்படி இருக்கு பாத்தியா!" என்றேன். அவள் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், டிராயரை இழுத்தாள், மூடினாள். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. அதற்கு அப்புறம் நம் வீட்டுக்கு வந்த யாரும் அந்த மேசையைப் பார்க்காமல் திரும்பியதில்லை, பால்காரர் உட்பட.

ஆறு மாதத்தில் வலதுதோளில் வலி என்று ஆரம்பித்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் இரண்டு விரலில் மரமரப்பு. அவள் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. நான் தைலம் வாங்கி வந்தேன், உப்பு ஒத்தடம் கொடுத்தேன், வேளாங்கண்ணி எண்ணெயைத் தடவி வேண்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மிஷினில்தான் கோளாறு, கீ கடினமாக இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு கம்பியாக மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு மாட்டினேன். 'ஓ'வும் 'பி'யும் இடம் மாறி மாட்டிக்கொண்டன. ஒரு சரித்திர ஆராய்ச்சியின் முதல் இரண்டு பக்கத்தில் போப்பாண்டவர் என்ன பாடுபட்டார் என்று நீயே யோசித்துக்கொள். இப்படியே மூன்று வருஷம் ஓடியது. மேசையை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. அதைத்தான் நான் செய்திருக்கிறேனே!

ஒரு நாள் பூசையில் பார்த்தேன். சாமியார் ஆசீர் கொடுக்கும்போது எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். உன் அம்மா கையை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. தலையைக் குனிந்து நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்து கேட்டால், தலைவாரிக்கொள்ளவே இரண்டு மாதமாகப் பக்கத்து வீட்டுப் பெண் வந்துபோகிறாள் என்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "டைப் அடிக்கறத நிறுத்திடுங்கம்மா. இல்லேன்னா இந்தக் கை அப்புறம் எதுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டார். வந்ததும் மிஷினுக்கு உறையை மாட்டினாள், கையில் இருந்த இரண்டு தீசிஸையும் கயிறு போட்டுக் கட்டி, திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தாள். சமைக்கப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

ஒரே ஒரு வேலையை மட்டும் அவளால் தட்ட முடியவில்லை. ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் ஓய்வுபெற்ற சமஸ்கிருதப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். பழைய வியாக்கியானம் ஒன்றை இருபது வருஷமாக இங்கிலீஷில் எழுதி முடித்திருந்தார். நோட்டுப் புத்தகங்கள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று அவருக்கு ஒரு விரதம். அதனால் அங்கேயே வந்து அடித்துத் தருவதாக உன் அம்மா எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டாள். "இது ஒண்ணை மட்டும் முடிச்சிட்டு நிறுத்திடுறேங்க" என்றாள். நான் மிஷினைச் சைக்கிள் கேரியரில் வைத்து டியூபால் இறுக்கிக் கட்டி, காவிரிப் பாலத்தில் எதிர்காற்றில் மிதித்துக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தேன். தினமும் காலையில் உன்னை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு பஸ்ஸில் போவாள், நீ திரும்பும் முன் வந்துவிடுவாள். முதல் நாள் போகும்போது அது கடைசி வேலை என்ற நினைப்பில் முகம் செத்துக் கிடந்தது.

பத்து நாள் கழித்து நான் ஷிப்டுக்குக் கிளம்புகிறேன், கண்ணாடி முன்னால் நின்று தானே தலைவாரிக்கொண்டிருக்கிறாள்! இரண்டு கையும் தலைக்கு மேலே. சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தேன். "ஏம்மா, வலி?" என்றேன். "அட ஆமாங்க, ரெண்டு நாளா காணோமே!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேளாங்கண்ணி மாதாதான் என்றேன். மாதாவானால் எண்ணெய் தடவிய அன்றே போயிருக்குமே என்று யோசித்து, காவிரித் தண்ணீராக இருக்கும் என்றேன். "நான் எங்கங்க காவிரியில குளிச்சேன்? டைப் அடிக்கத்தானே போனேன்?" என்றாள். அப்படியானால் ஸ்ரீரங்கத்துக் காற்று என்றேன். வேலை முடிந்தது, மிஷின் வீட்டுக்கு வந்தது, தேக்கு மேசையில் ஏறியது. திருப்பிக் கொடுக்க வைத்திருந்த தீசிஸை அவள் ஆசையோடு அவிழ்த்தாள். நாலாம் நாள் தோள் மறுபடி பிடித்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் உன் அப்பனுக்கு மூளை வேலை செய்தது. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளை ஸ்ரீரங்கத்துக்கு விட்டேன். பேராசிரியர் வாசலுக்கு வந்து, "வாங்கோ வாங்கோ, மிஷின்ல ஏதாவது விட்டுப் போச்சா?" என்றார். "இல்லீங்க ஐயா, எங்க வீட்டம்மா இங்க எந்த இடத்துல உக்காந்து அடிச்சாங்கன்னு பாக்கணும்" என்றேன். உள்ளே காட்டினார். அந்த வீட்டில் ஒரே நாற்காலி, அதன்மேல் புத்தகம். தரையில் ஒரு தடித்த மணை போட்டு அதில் மிஷினை வைத்து, முன்னால் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடித்திருக்கிறாள். நான் மண்டியிட்டு அளக்க ஆரம்பித்தேன். "என்ன அளக்கறேள்?" என்றார். வலி போன கதையைச் சொன்னேன். "பெருமாள் க்ருபை. கைங்கரியமா நெனச்சுண்டு பண்ணினா, வலி எங்கேருந்து வரும்?" என்றார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "க்ருபை இருக்கட்டும். ஆட்டுக்கல்லை மாருக்கு நேரே தூக்கி வெச்சுண்டு யாராவது மாவாட்டுவாளோ? இங்கே அவ கை தொங்கிண்டு இருந்தது, தோள் அக்கடான்னு கெடந்தது. உங்காத்துல எத்தனை ஒசரத்துல வெச்சிருக்கேள்?" என்றார்.

முப்பத்தொன்று என்று அந்த அம்மாளிடம் எந்த வாயால் சொல்வது? தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பாலத்தில் வரும்போதே கணக்குப் போட்டேன். பாயிலிருந்து கீ வரை எவ்வளவு, நம் நாற்காலியிலிருந்து கீ வரை எவ்வளவு என்று. நாலு இஞ்ச்சாவது இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா சபைக் கூட்டத்துக்குப் போன நேரத்தில் மேசையைக் கவிழ்த்துப் போட்டேன். நான்கு காலிலும் கோடு போட்டேன். நானே இழைத்த கால்கள், அமலா. ஒவ்வொன்றின் அடியிலும் பூ மாதிரி ஒரு கடைசல். ரம்பத்தை வைத்தேன். நான்கு பூவும் தனியாக விழுந்தன.

அவள் வந்தாள். "இப்ப எப்படி இருக்கு பாத்தியா!" என்றேன். உட்கார்ந்தாள், ஒரு வரி அடித்தாள். என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். அப்புறம், "மேசைதான்னு எனக்கு மொத வாரமே தெரியும்" என்றாள். "தெரிஞ்சா சொல்ல மாட்டியா? மூணு வருஷமா?" என்று கத்தினேன். "எப்படிங்க சொல்றது? பால்காரர்கிட்ட கூட காட்டுனீங்களே" என்றாள். பெருமை அடித்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தோள் நாளடைவில் சரியாகிவிட்டது. அந்தக் கையால்தான் அவள் இன்றுவரை அடித்துக்கொண்டிருக்கிறாள். கை மட்டும் போயிருந்தால் என்னை நான் மன்னித்திருக்க மாட்டேன்.

சரி, டைப்ரைட்டர் வேறு, கம்ப்யூட்டர் வேறு என்று நீ சொல்வாய். அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுவேனா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தில்லை நகரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கிற இடம் ஒன்றுக்குப் போனேன். செருப்பை வாசலில் கழற்றச் சொன்னார்கள். உள்ளே மார்கழி மாதிரி குளிர். விண்ணப்பப் பாரம் ஒன்றைக் கொடுத்து, "அங்கிள், பேசிக் கோர்ஸா?" என்று ஒரு டீச்சர் பெண் கேட்டது. இல்லம்மா, மருமகளுக்கு மேசை என்று சொல்லி டேப்பை எடுத்தேன். முதலில் சிரித்தது, அப்புறம் தன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டியது. டைப்ரைட்டரில் கீயும் தாளும் ஒரே உடம்பு. இதில் கீபோர்டு தனி, வயரில் கோத்துத் தனியாக வருகிறது. ஆகவே ஒரே பலகை போதாது, அமலா. கீபோர்டு முழங்கை உயரத்தில் தாழ இருக்க வேண்டும், திரை கண்ணுக்கு நேராகக் கொஞ்சம் ஏற இருக்க வேண்டும். அந்தப் பெண் சொன்னதையே சொல்கிறேன்: "அங்கிள், கொக்கு மாதிரி கழுத்தை நீட்டவும் கூடாது, சாமி கும்பிடுற மாதிரி குனியவும் கூடாது." ஜன்னலுக்கு எதிரே போட்டால் வெளிச்சமெல்லாம் திரையில் விழுந்து, தெருவில் போகிற சைக்கிள்தான் தெரியுமாம், எழுத்து தெரியாதாம். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். பார்த்து அடிக்கிற தாளை மேசையில் கிடத்தாமல் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்க ஒரு சட்டம் வேண்டும், அதை நான் இங்கேயே செய்து கொண்டுவருகிறேன். நாற்காலிக்கு முதுகு இருக்கட்டும், கால் தரையில் படட்டும், படவில்லை என்றால் ஒரு பலகை போடு. வயரை நடக்கிற வழியில் விடாதே, புடவை மாட்டும்.

அந்த வளைவையும் மாதா சுரூபத்தையும் பற்றி. அந்தத் திரைப்பெட்டியின் தலையில் சூடு வெளியேற ஓட்டைகள் இருக்கின்றன. அங்கே சுரூபத்தை வைத்து மாலையும் போட்டால் மாதாவுக்கும் சூடு, மிஷினுக்கும் மூச்சு முட்டல். மாதாவைச் சுவரில் தனியாக வை, தப்பாக நினைக்க மாட்டார்கள். வெல்வெட் உறை தைக்கச் சொல்லியிருக்கிறாயாமே, தை, ஆனால் ஓடும்போது மூடாதே. முன் ஹாலில் வேண்டாம். அது அவள் வேலை செய்கிற இடம், வருகிறவர்களுக்குக் காட்ட நாம் வாங்கி வைக்கிற ஷோகேஸ் பொம்மை இல்லை. வருகிற மாமன் மச்சான் எல்லாம் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் அவளுக்கு எப்படி வேலை ஓடும்? உள்ளறையில் கதவு இருக்கிற மூலையைக் கொடு. அந்த மேசைமேல் உன் ஸ்கூட்டர் சாவி, இஸ்திரித் துணி, நேற்றைய பேப்பர், எதுவும் ஏறக்கூடாது. எங்கள் ஒர்க் ஷாப்பில் சங்கு ஊதும், எழுந்துவிடுவோம். வீட்டில் சங்கு கிடையாது, மூழ்கிவிட்டால் அவள் எழுந்திருக்க மாட்டாள். அரை மணிக்கு ஒருதரம் நீ போய்ப் பேச்சுக் கொடு, காபி கொண்டுபோ. காபி போடத் தெரியாது என்று சொல்லாதே, கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இதுவரை எழுதி, கையெழுத்துப் போட்டு முடிக்கலாம் என்று இருந்தபோது உன் அம்மா வந்தாள். "பூசையிலேருந்து வந்ததுலேருந்து என்னங்க எழுதுறீங்க, சாமியார் பிரசங்கம் மாதிரி?" என்றாள். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். போப்பாண்டவர் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிலுவை போட்ட இடத்தில் வலதுதோளைத் தடவிக்கொண்டாள். கடைசியில், "எல்லாம் சரிதான்" என்று இழுத்தாள்.

"சரிதான்னா?"

"இல்ல, அந்த நாலு இஞ்ச்..."

"நாலு இஞ்ச்சுக்கு என்ன?"

"இன்னும் ஒண்ணரை இஞ்ச் வெட்டியிருக்கலாம்."

நான் எழுந்துபோய் அந்த மேசை முன்னால் நின்றேன். நாற்காலியில் நாலாக மடித்த போர்வை கிடக்கிறது. பன்னிரண்டு வருஷமாகக் கிடக்கிறது. நாற்காலி உறுத்துகிறது, அதற்காகப் போட்டிருக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "போர்வை போட்டா கால் தரையில எட்டாதே?" என்றேன். "எட்டாதுதான். சாயங்காலமானா மணிக்கட்டும் கொஞ்சம் இழுக்கும். பழைய வலிக்கு இது எவ்வளவோ தேவலை" என்றாள், ஏதோ புளி தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல. "ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீங்க எங்கங்க கேட்டீங்க? மேசை செஞ்சப்ப 'எப்படி இருக்கு பாத்தியா'ன்னீங்க. வெட்டினப்பவும் 'எப்படி இருக்கு பாத்தியா'ன்னீங்க. அதுக்கு 'நல்லா இருக்கு'ன்னுதானே சொல்ல முடியும்? 'எப்படி இருக்கு'ன்னு அதோட நிறுத்தியிருந்தீங்கன்னா, அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

அமலா, ஸ்ரீரங்கம்வரை போய் ஒரு மணையை அளந்தேன். நேற்று முன்தினம் ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டரை அளந்துவிட்டு வந்தேன். என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளை நான் இன்றுவரை அளக்கவில்லை. மேலே எழுதிய உயரம், ஜன்னல், வயர் எல்லாவற்றையும் நீ மறந்தாலும் போகிறது. ரெஜினாவைக் கூட்டிப் போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கேள். கேட்கும்போது அந்தப் 'பாத்தியா'வை மட்டும் வெட்டிவிடு. அவள் உடனே 'நல்லா இருக்கு' என்றால் நம்பாதே, இன்னும் கொஞ்சம் நில்.

போர்வையை எடுத்துவிட்டு உன் அம்மாவை இப்போது மேசை முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். டேப் என் கையில் இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முதலில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்புறம் முழங்கையில் ஆரம்பித்தாள், காலுக்குப் போனாள், விளக்கு இடதுபக்கம் வேண்டும் என்றாள், டிராயர் முட்டியில் இடிக்கிறது என்றாள், இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் இதோடு நிறுத்துகிறேன், எழுதிக்கொண்டே கேட்டால் சரியாகக் காதில் விழாது.

உன் அப்பா